தாம்பாளத்தில் ஒரு குளம்

காசு விழுந்ததும் சாந்தாமணியின் முகம் உடைந்துபோனது, மூக்கு ஒரு பக்கம் போகிறது, மூக்குத்தி அதை விட்டுவிட்டு இன்னொரு பக்கம் போகிறது, வாய் மட்டும் நடுவில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறது, அவள் வாய் எந்தக் காலத்தில் சும்மா இருந்தது, சிவப்புத் தண்ணீரில் வளையம் வளையமாக அகன்று போய்த் தாம்பாளத்தின் விளிம்பில் முட்டித் திரும்பி வருகிறாள், பொறு, பொறு, இதோ கூடிவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், இத்தனை வருஷமும் குளக்கரைகளில் சொல்லிப் பழகிய சொல், தண்ணீரை யாரும் அடக்க முடியாது, காத்திருக்கத்தான் முடியும், ஆனால் அப்போதெல்லாம் நிமிர்ந்து நின்று காத்திருந்தேன், இப்போது கட்டிலில் குப்புறக் கிடக்கிறேன், நெற்றிக்கு அடியில் துண்டைச் சுருட்டிய சும்மாடு, சும்மாட்டைத் தாங்க ஒரு பெஞ்சு, கட்டிலுக்கும் பெஞ்சுக்கும் நடுவே விட்ட சந்தில் என் முகம் தொங்குகிறது, வலது கண்ணில் கட்டு, இடது கண்ணுக்குக் கீழே தரையில் ஒரு பித்தளைத் தாம்பாளம், அதில் தண்ணீர், உலகம் முழுவதும் அதற்குள்தான் வந்து போகிறது. காசைப் போட்டவர் என் சகலை துரைசாமி, சாந்தாமணியின் தங்கை கோமதியின் புருஷன், மோட்டார் பம்ப் கடைக்காரர், போட்டுவிட்டுக் கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டார்.

நிழல் என்று சொல்வார்கள் எங்கள் பக்கம், சுவரில் விழுவதும் நிழல், தண்ணீரில் தெரிவதும் நிழல், ஃபோட்டோவும் நிழற்படம், ஆக நான் நிழலை நிழல் பிடிக்கிற ஆள், கல்யாண வீடுகளில் ஃப்ளாஷ் அடித்து அடித்து அலுத்துப்போய் ஒரு நாள் விடியலில் சிங்காநல்லூர்க் குளக்கரையில் போய் நின்றேன், காற்று நின்ற நேரம், கரையில் நின்ற வேலமரம் தண்ணீருக்குள் இன்னும் அழகாக நின்றது, மேலே இருந்த மரத்தை விட்டுவிட்டுக் கீழே இருந்ததை மட்டும் எடுத்தேன், அன்றோடு கல்யாணம் போயிற்று, குளம் வந்தது. கடைக்குச் சாந்தம் என்று பெயர் வைத்தேன், மனசுக்கு அமைதி தரும் நீர்நிழல் படங்கள் என்று கீழே சின்ன எழுத்தில், சம்சாரம் பேருங்களா என்று வருகிறவர்களெல்லாம் கேட்பார்கள், எம் பேர்ல பாதியத்தான் வெச்சிருக்காருங்க, மீதிய எங்க வித்தாருன்னு கேட்டுச் சொல்லுங்க என்பாள் சாந்தாமணி, பெயரில்தான் சாந்தம், குரலில் மில் சங்கு. ஆனாலும் படங்கள் விற்றன, சோபாவுக்கு மேலே மாட்ட வேண்டும், பார்த்தால் ரத்தக்கொதிப்பு இறங்க வேண்டும் என்று கேட்ட மில்காரர் உண்டு, மாமியார் மருமகள் இரண்டு பேரும் தனித்தனியாக வந்து ஒரே படத்தை ஒருவருக்கொருவர் தெரியாமல் வாங்கிப்போன வீடும் உண்டு, பீளமேட்டில் ஒரு வீட்டில் மரம் தலைகீழாகத் தெரிகிறது, அப்படி மாட்டினால் குடும்பமே தலைகீழாகிவிடும் என்று படத்தையே திருப்பி மாட்டியிருந்தார்கள், மரம் நேராக நிற்கிறது, அதன் காலடியில் வானம் கிடக்கிறது, வாங்கினவர்கள் வானத்தை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.

ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தேன், படத்தில் ஆள் வரக்கூடாது, கொக்கு வரலாம், எருமை வரலாம், ஆள் வந்தால் அமைதி போய்விடும், பரிசலில் எவனாவது வந்தால் அவன் போகும்வரை காமிராவைத் தாழ்த்திக்கொண்டு பல்லைக் கடித்து நிற்பேன். சாந்தாமணியும் ஒரு சட்டம் வைத்திருந்தாள், என் படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் மாட்டக்கூடாது, ஏற்கெனவே செவுரு ஓதம் அடிச்சு ஊறிக் கெடக்குது, இதுல நீங்க வேற ஒரு கொளத்தக் கொண்டாந்து மாட்டுங்க, வெளங்கிரும் என்பாள். ஹாலின் கிழக்குச் சுவரில் ஓதம் ஒரு தேசப்படம் போலப் பரவியிருந்தது உண்மைதான், எத்தனை தடவை வெள்ளை அடித்தாலும் ஆடி மாதம் வந்தால் அது தன் எல்லையை விரித்துக்கொள்ளும்.

தண்ணீரில் முதல் முதலில் நான் பார்த்த முகம் எது என்று இப்போது யோசித்தால், குப்புறக் கிடப்பவனுக்கு யோசிப்பதைத் தவிர என்ன வேலை, அது மரமும் இல்லை கொக்கும் இல்லை, ஒரு பித்தளைக் குடம், கல்யாணத்தன்று குடத்துக்குள் மோதிரத்தைப் போட்டு மாப்பிள்ளையும் பெண்ணும் கைவிட்டு எடுக்கச் சொன்னார்கள், இரண்டு தலையும் ஒரே குடத்தின்மேல் குனிகின்றன, அதுவரை நான் அவளை நேராகப் பார்க்கவில்லை, கூச்சம், எல்லாரும் பார்க்கிறார்களே என்று, குடத்துக்குள் இருட்டுத் தண்ணீரில் ஒரு மூக்குத்தி மின்னுகிறது, அதைச் சுற்றி மெல்ல ஒரு முகம் கூடுகிறது, அது என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுகிறது, நான் மோதிரத்தை மறந்தேன், கையை மறந்தேன், அவள் எடுத்துவிட்டாள், ஓவென்று சத்தம், மாப்ள தோத்துட்டாரு, இனி காலத்துக்கும் தோல்விதான் என்று யாரோ கத்தினார்கள், அந்தச் சத்தம் இப்போதும் கேட்கிறது, இல்லை, அது துரைசாமியின் சிரிப்பு, தாம்பாளத்தின் மறுபக்கம் அவர் முகம் வந்து நிற்கிறது, தலைகீழாக, மீசை மேலே நெற்றி கீழே.

வலது கண்ணால்தான் எல்லாம் பார்த்தேன், காமிராவில் வைக்கிற கண் அது, இடது கண் என்பது வலது கண்ணுக்குத் துணைக்கு வந்த ஒறம்பரை மாதிரி, விருந்தாளியாகச் சும்மா உடன் இருக்கும். தை மாதத்தில் ஒரு காலை, குளத்தில் நாமக்கோழிகள் கோடு கிழித்துக்கொண்டு போகின்றன, படத்தின் ஓரத்தில் ஒரு கறுப்பு, லென்ஸைத் துடைத்தேன், கறுப்பு போகவில்லை, மறுபடி துடைத்தேன், சட்டையால் துடைத்தேன், லென்ஸையே மாற்றினேன், கறுப்பு இன்னும் கொஞ்சம் ஏறி நிற்கிறது, அப்புறம்தான் காமிராவை இறக்கினேன், குளத்தின் மேலும் அதே கறுப்பு, துடைக்க வேண்டியது லென்ஸை அல்ல என்று தெரிந்ததும் அப்படியே ஈரக்கரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆபரேஷன் செய்த டாக்டரம்மா சின்ன வயசு, நம்ம ஊர்ப் பேச்சு, கண்ணுக்குப் பின்னாடி இருக்கற தெர கிழிஞ்சு போச்சுங்கய்யா, ஒட்ட வெச்சிருக்கறோம், உள்ள காத்துக் குமிழி ஒண்ணு வுட்டிருக்கறோம், அது மேல எந்திரிச்சு அந்தத் தெரைய அமுக்கிப் புடிக்கோணும், நீங்க குப்புறப் படுத்தாத்தான் அது நடக்கும், நாஞ் சொல்றவரைக்கும் தலைய நிமித்தவே கூடாது, நிமித்துனா ஒட்டுனது பிரிஞ்சுரும், அப்பறம் என்ற கையில ஒண்ணுமில்லீங்க. பார்வை வருமாங்க என்று சாந்தாமணி கேட்டாள், ஒட்டிக்கிச்சுன்னா வருமுங்க, எவ்வளவு வருமுன்னு இப்பச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா, வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சாந்தாமணி பேசவே இல்லை, அவள் பேசாமல் வந்த முதல் ஆட்டோப் பயணம் அதுவாகத்தான் இருக்கும்.

ஊருக்கெல்லாம் அமைதி விற்றவனிடம் அமைதி ஒரு பொட்டுக்கூட இல்லை என்பது குப்புறப் படுத்த பிறகுதான் தெரிந்தது, கண்ணுக்குக் கீழே தரை, தரையில் ஓர் எறும்பு, எறும்பும் போன பிறகு வெறும் தரை, காப்பியை உறிஞ்சுகுழாயில் குடித்தேன், ரசத்தையும் உறிஞ்சுகுழாயில் குடித்தேன், அடைத்துக்கொண்ட கடுகுக்காகக் கத்தினேன், ஃபேன் சத்தத்துக்குக் கத்தினேன், வலது கண்ணில் கட்டுக்குள்ளே ஒரு சாம்பல் வட்டம் தளும்பிக்கொண்டே இருந்தது, அது போகாவிட்டால் நான் யார், இடது கண்ணை வைத்துக்கொண்டு குளக்கரையில் என்ன செய்வேன், இதைச் சொல்லத் தெரியாமல் கடுகுக்குக் கத்தினேன். கடைசியில் சாந்தாமணிக்குப் பொறுமை போயிற்று, என் கத்தலுக்காக அல்ல, எத்தன நாளைக்கு உங்க பொடனியப் பாத்தே பேசிட்டிருக்கறது, மூஞ்சி தெரியாமப் பேசுனா நாம்பேசுனது உங்களுக்கு ஒறைக்குதா இல்லியான்னு எப்படிக் கண்டுபுடிக்கறது என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள், பாத்திரம் உருளுகிற சத்தம், பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீரோடு வந்து என் முகத்துக்குக் கீழே வைத்தாள், வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று குனிந்தாள்.

ஒன்றும் தெரியவில்லை, பளபளவென்று பித்தளைதான் தெரிந்தது, அடி கறுப்பா இருந்தாத்தான் சாந்தா நிழல் நிக்கும், குளத்துல சேறு இருக்கறதுனாலதான் மரம் தெரியுது என்றேன், நோயாளியிலிருந்து ஒரு நொடியில் நிபுணனாகிவிட்டேன், குரல்கூட மாறியிருக்க வேண்டும், அவள் அதைக் கவனித்தாள் என்று நினைக்கிறேன், உடனே டிகாக்ஷனை ஊற்றிப் பார்த்தாள், நிழல் வந்தது, கூடவே எனக்குக் காப்பி ஆசையும் வந்தது, அதையும் எறும்பையும் சமாளிக்க முடியாமல் கொட்டிவிட்டு, என்ன செய்தாளோ, கொஞ்ச நேரத்தில் செக்கச்செவேலென்று தண்ணீர் வந்தது, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தது, சிவப்பு அடர்ந்து அடர்ந்து பித்தளையை மூடியது, அதில் ஜன்னல் வந்தது, ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரம் வந்தது, முருங்கையில் ஓர் அணில் வந்தது, கடைசியில் அவளே வந்தாள், மூக்குத்தியோடு, ஏனுங்க தெரியறனா என்றாள், தெரியறே என்றேன், அப்படீன்னாச் சிரியுங்க என்றாள், நான் சிரித்தேனோ இல்லையோ, தண்ணீரில் இருந்தவன் சிரித்தான்.

அதன் பிறகு எனக்கு நாள் போவது தெரியவில்லை, தட்டைக் கொஞ்சம் முன்னே தள்ளினால் முருங்கை, பின்னே இழுத்தால் ஹாலின் ஓதச் சுவர், பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து ஒவ்வொருவராகத் தாம்பாளத்தின்மேல் குனிந்து நலம் விசாரித்தார்கள், கிணற்றில் எட்டிப் பார்க்கிற மாதிரி, துரைசாமியும் வந்தார், அவர்தான் குனிந்தவுடன், அடடா, ஆராத்தி கரைச்சு வெச்சிருக்கறாங்களே, சும்மா போகக்கூடாது என்று சட்டைப் பையில் கைவிட்டு ஒரு காசை எடுத்துப் போட்டார். மாப்ள, அது ஆராத்தி அல்ல, அவுரு பாக்கறதுக்கு வெச்சது என்று சாந்தாமணி சொல்ல வாயெடுத்தாள், அப்போதுதான் காசு விழுந்து அவள் முகம் உடைந்தது, வளையங்கள் போய்த் திரும்பி, மூக்கு வந்து மூக்குத்தி வந்து கூடியபோது அந்த முகம் வேறாக இருந்தது, கண் விரிந்து, வாய் திறந்தபடி.

அய்யோ, ஆராத்தியேதானே, என்றாள் மெல்ல. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தால் அது ஆரத்தி இல்லாமல் வேறென்ன, கைப்பழக்கத்தில் கரைத்துவிட்டாள், திருஷ்டி கழித்தால் வாசலில் கொண்டுபோய் ஊற்ற வேண்டிய தண்ணீர், வீட்டுக்குள் ஒரு நிமிஷம் வைக்கக்கூடாத தண்ணீர், கண்ணு திருஷ்டிய எடுக்கற தண்ணியக் கொண்டாந்து கண்ணுக்கு அடியிலயே வெச்சிருக்கறனே, நானெல்லாம் ஒரு பொம்பளையா, கூறுகெட்டவ, கூறுகெட்டவ என்று தலையில் அடித்துக்கொண்டு தாம்பாளத்தை இரண்டு கையாலும் தூக்கினாள், முருங்கை போயிற்று, ஜன்னல் போயிற்று, மறுபடியும் வெறும் தரை, எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, வை சாந்தா, கீழ வை, அது என்ற குளம் என்று கத்திக்கொண்டே கையை ஊன்றித் தலையைத் தூக்கப் போனேன், தூக்கியே விட்டேன் கொஞ்சம், ஒட்டியது பிரிந்துவிடும் என்பது அந்த நொடி நினைவில் இல்லை. தலையத் தூக்காதீங்க என்று ஓர் அலறல், தாம்பாளம் தரையில் விழுந்து நங்கென்று சுழன்றது, ஈரமான சிவப்புக் கை ஒன்று என் பொடனியைப் பிடித்துச் சும்மாட்டில் அமுக்கியது, வீடெல்லாம் சிவப்புத் தண்ணீர் ஓடியது.

தாம்பாளம் சுற்றி முடிக்கிற சத்தம், தரையில் ஓடிய தண்ணீரில் துரைசாமியின் நிழல் ஒரு மூலையில் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, பிறகு பெஞ்சுக்கு அந்தப் பக்கம் ஒரு புடவைச் சரசரப்பு, என்ன செய்கிறாள் என்று தெரியவில்லை, பெஞ்சு லேசாக நகர்ந்தது, தாம்பாளம் இருந்த இடத்துக்கு அவள் தலை வந்தது, தரையில், ஈரத்தில், மல்லாந்து படுத்து, முதுகால் நகர்ந்து நகர்ந்து என் முகத்துக்கு நேர் கீழே வந்து சேர்ந்தாள், வெறும் முகம், நிழல் இல்லை, முடியெல்லாம் சிவப்பு. இப்பப் பாருங்க, என்றாள், தண்ணி எதுக்கு உங்களுக்கு, நேராவே பாருங்க, அந்தக் கண்ணு போச்சுன்னா போகுது, இந்தக் கண்ணுல பாருங்க, எதுலயும் பாக்க முடியலீன்னா நாஞ் சொல்றேன், மரம் இருக்குது, கொக்கு இருக்குது, நா இருக்கறேன்னு, ஆனாத் தலைய மட்டும் தூக்காதீங்க, எனக்குப் பயமா இருக்குது, ஆட்டோவுல வாரப்ப இருந்தே பயமா இருக்குது. என்னிடம் இதை அவள் அதுவரை சொல்லவில்லை, ஆட்டோவில் அவள் ஏன் பேசவில்லை என்று அப்போதுதான் புரிந்தது, எனக்கும்தான் சாந்தா என்றேன், கடுகில்லை, ஃபேன் இல்லை, எனக்கும் பயம்தான், அதைச் சொன்னதும் இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு நேராக விழுந்து அவள் நெற்றியில் பட்டது, அவள் கண்ணைச் சிமிட்டினாள், குடத்துக்குள் சிமிட்டிய அதே சிமிட்டல், இவ்வளவு அழகான முகத்தை இத்தனை வருஷம் படத்தில் வராதே வராதே என்று ஒதுக்கி வைத்திருந்தேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது, சிரிப்புத்தான் வந்தது, அவளும் சிரித்தாள், அசையாதே என்றேன், இந்தப் பேச்ச உங்க கொளத்துக்கிட்ட வெச்சுக்கோங்க என்றாள். அப்போது க்ளிக் என்றொரு சத்தம், துரைசாமி தன் ஃபோனைத் தரையோடு தரையாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தப்பா நெனைச்சுக்காதீங்கண்ணா, கோமதிக்குக் காட்டோணும், சொன்னா நம்ப மாட்டா என்றார்.

மறுநாளிலிருந்து ஓர் ஒப்பந்தம், காலையில் புதுத் தண்ணீர் கரைப்பாள், பகலெல்லாம் அது என் குளம், விளக்கு வைக்கிற நேரத்தில் அதை எடுத்து என் பொடனிக்கு மேல் மூன்று சுற்றுச் சுற்றிக் கொண்டுபோய் வாசலில் ஊற்றிவிடுவாள், அப்போது அது ஆரத்தி, சாமிக்கும் வருத்தமில்லை எனக்கும் வருத்தமில்லை, வருகிறவர்களும் காசு போட்டார்கள், போட வேண்டாம் என்று சொல்வதை அவள் விட்டுவிட்டாள். நிமிரலாம் என்று டாக்டரம்மா சொன்ன நாளில் நிமிர்ந்தேன், கழுத்து கேட்கவில்லை, வலது கண்ணில் பாதிக்குமேல் தண்ணீர் நிற்கிறது, குமிழியின் விளிம்பு ஒரு நீர்மட்டம் போல ஆடுகிறது, அதற்கு மேலே ஒரு கீற்று வெளிச்சம், அதில் டாக்டரம்மாவின் நெற்றிப்பொட்டு, ஒட்டிக்கிச்சுங்கய்யா என்றார், சாந்தாமணி டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பிறகு நாளுக்கு நாள் மட்டம் இறங்கியது, சித்திரையில் குளம் வற்றுகிற மாதிரி, இன்னைக்கு எதுவரைக்கும் என்று அவள் தினமும் கேட்பாள், உன்ற நெத்தி வரைக்கும், மூக்குத்தி வரைக்கும், இப்ப வாய் தெரியுது, அப்பாடா என்பேன், கடைசியில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு குமிழி அடியில் உருண்டுகொண்டிருந்து, ஒரு காலையில் அதுவும் இல்லை. ஆனால் நேர்க்கோடு நேராக இல்லை, கதவு நிலை நெளிகிறது, மின்கம்பம் இடுப்பை ஆட்டுகிறது, ஒட்டிய திரையில் சின்னச் சுருக்கம் இருக்குதுங்க, அது அப்படியேதான் இருக்கும், பழகிக்கோங்க என்று டாக்டரம்மா கவலையோடு சொன்னார், எனக்குக் கவலை வரவில்லை, முருங்கை மரம் ஜன்னலுக்கு வெளியே நேராக நின்றுகொண்டே தண்ணீரில் நிற்கிற மாதிரி நின்றது.

இப்போது ஹாலின் கிழக்குச் சுவரில், ஓதத்துக்கு மேலே, எங்கள் வீட்டில் மாட்டிய முதல் நீர்நிழல் படம் இருக்கிறது, நான் எடுத்தது அல்ல, துரைசாமி எடுத்தது, ஒரு மூலையில் அவர் கட்டைவிரல் இருக்கிறது, தரையில் பரவிய சிவப்புத் தண்ணீரில் இரண்டு முகங்கள், மேலிருந்து ஒன்று தொங்குகிறது, கீழிருந்து ஒன்று சிரிக்கிறது, நடுவில் ஜன்னல், எப்படித் திருப்பினாலும் ஒருவர் தலைகீழ், சாந்தாமணியே ஆணி அடித்து மாட்டினாள், தன் முகம் நேராகவும் என் முகம் தலைகீழாகவும், என்ன இது என்றேன், உங்களுக்கென்னங்க, பழகுனதுதானே என்றாள். வீட்டுக்கு வந்து பார்த்த மில்காரர் அதைப் போல ஒன்று வேண்டும் என்கிறார், பார்த்தால் சிரிப்பு வருகிறதாம், கொதிப்பு இறங்குகிறதாம், அது விற்பனைக்கு இல்லைங்க, சும்மாட்டுல குப்புறப் படுத்தவங்களுக்கு மட்டும்தான் என்று அவள் சொல்லி அனுப்புகிறாள், அனுப்பிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்கிறாள், ஏனுங்க, இன்னும் நெளியுதா என்கிறாள், நான் இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்க்கிறேன், மூக்கு ஒரு பக்கம் போகிறது, மூக்குத்தி இன்னொரு பக்கம் மெல்ல ஆடுகிறது, வாய் நடுவில் நின்று பேசிக்கொண்டே இருக்கிறது, காசு இப்போதுதான் விழுந்த மாதிரி, பொறு, பொறு என்று நான் சொல்லவில்லை, கூடிவர வேண்டாம், இப்படியே ஆடட்டும், என்னுங்க தெரியுது என்று அவள் குனிந்து கேட்கிறாள், நீதான் என்கிறேன்.